மகாராணி மீனாட்சியின் தையல்காரர்

இப்போது நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு நடந்த கதை. சத்தியமாக நடந்தது. நூற்றுக்கு நூறு என்றேனா? சரி, எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி முப்பது நான் இழுத்துவிட்டது. நல்ல தையல்காரர் பிளவுஸுக்கு உள்பக்கம் நாலு விரல் துணி மடித்து விட்டிருப்பார், ஆள் பெருத்தால் பிரித்துவிட வசதியாக. நானும் கதைக்குள் அப்படித்தான் துணி விடுவேன். கேட்கிற ஆள் நம்பினால் பிரித்துவிடுவேன், முறைத்தால் மடித்துவிடுவேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நம் நியூ ஜெர்சி கோயில் சமையலறையில் மலை மாதிரிப் பூசணிக்காய். தீபக் நறுக்குகிறார், அவர் மனைவி யாமினி தேங்காய் துருவுகிறார், இன்னும் ஐந்தாறு பேர் வெங்காயத்தோடு அழுதுகொண்டிருக்கிறார்கள். கை வேலை செய்யட்டும். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

சாந்தாமணி அக்காவைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இரண்டே வகை. ஒன்று ஆண்கள், இன்னொன்று புடவை கட்டாதவர்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கணவர் மாரிசாமி ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். விடியுமுன் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார். வெஸ்ட் வின்ட்சரில் அவர்கள் வீட்டுக் கராஜில் கார் கிடையாது. தையல் மிஷின் இருக்கிறது. பனிக்காலத்தில் வெளியே நிற்கிற காரின் மேல் யானை படுத்த அளவுக்குப் பனி விழும். மிஷினுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு ஹீட்டர் எரியும்.

ஒரு பிளவுஸ் டெய்லருக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் அதிகாரம் கவர்னருக்குக்கூடக் கிடையாது. நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாக்கள் இருக்கிறார்கள், கத்தி பிடிக்கும்போது கை நடுங்காது. சாந்தாமணி அக்காவுக்குப் போன் போட்டு “ரெடியா?” என்று கேட்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடிப்பார்கள். அக்கா ஒருநாளும் கோபப்பட மாட்டார். “வர்ற வாரங்க அம்மிணி” என்பார், தேன் மாதிரி. எந்த வருஷத்து வாரம் என்று சொல்ல மாட்டார். ஒரு பெண் தன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸ், பிறந்த குழந்தையின் காதுகுத்துக்குத்தான் வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். வளைகாப்புக்கே வந்துவிட்டது.

ஆனால் இவ்வளவு பெரிய ஆளுக்குப் பேர் கிடையாது. எல்லார் போனிலும் “பிளவுஸ் ஆன்ட்டி” தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் கவரின் மேல் “பிளவுஸ் ஆன்ட்டி அண்ட் ஃபேமிலி” என்று இருக்கும். மாரிசாமியைக் கோயிலில் “பிளவுஸ் அங்கிள்” என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே ஒரு கஸ்டமருக்கு மட்டும் துணி ஒருநாளும் தள்ளிப்போனதில்லை. அது நம் கோயில் மீனாட்சி. ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரத்தில் கார்ப்பெட் கடையாக இருந்த இந்தக் கட்டடத்துக்கு மதுரைக்காரர்கள் சேர்ந்து அம்பாளைக் கொண்டுவந்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் மடிப்பு வைத்த பட்டுப் பாவாடை அக்கா வீட்டிலிருந்துதான் வரும். புயல் அடித்தாலும் வரும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அவங்க மட்டுந்தானுங்க ரெடியான்னு போன் பண்ணாதவங்க. இத்தன வருசத்துல அளவும் மாறல,” என்றார். அப்படிப்பட்ட கஸ்டமர் கிடைத்தால் யார்தான் தைக்க மாட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் முகுந்த் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் போட்டான். முகுந்த் நம் கோயில் வாலன்டியர். வேலை விஷயமாகச் சில வருஷம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவன். காலி டப்பா ஒன்றைக் கிராம்பு போட்டுவைக்கச் சமையலறைக்குக் கொண்டுவந்தான். மூடியில் ஒரு சிங்கம், ஒரு கொம்பு வைத்த குதிரை, நடுவில் கிரீடம். இது என்ன சர்க்கஸா என்று கேட்டேன். அவன் விளக்கினான். அந்த ஊரில் அரண்மனைக்கு பிஸ்கட், செருப்பு, சோப்பு என்று சரக்குக் கொடுக்கிற வியாபாரிகள் குறைந்தது ஐந்து வருஷம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ராஜா ஒரு பத்திரம் கொடுப்பாராம். அதை வைத்துக்கொண்டு கடை வாசலிலும் டப்பாவிலும் அரச முத்திரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அரண்மனைக்குள் நடப்பதை வெளியே பேசக்கூடாது. கொடுத்த ராஜாவோ ராணியோ காலமாகிவிட்டால் முத்திரையைக் கழற்றிவிட்டுப் புதிய ராஜாவிடம் மறுபடி கேட்க வேண்டும்.

பாவாடை கொடுக்க வந்த சாந்தாமணி அக்கா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க முகுந்த், பிஸ்கட் குடுக்கறவருக்கே போர்டு குடுக்கறாங்களா?”

“ஆமா ஆன்ட்டி. பேரு போட்டு, முத்திரை போட்டு.”

“நான் மதுரை மகாராணிக்கே துணி தைக்கறனுங்க. எனக்கு யாரு குடுப்பாங்க?”

முகுந்த் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

விஷயம் கமிட்டிக்குப் போனது. கமிட்டி என்றால் சுந்தரராமன். மற்றவர்கள் தலையாட்டுவதற்கு. சுந்தரராமன் ஒரு மருந்துக் கம்பெனியில் எல்லாரும் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கிற பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். அந்தப் பழக்கத்தில் கோயில் செருப்பு ஸ்டாண்டுக்கே ஒன்பது விதி எழுதி ஒட்டியிருக்கிறார். செருப்பு விடுவதற்குள் படித்து முடிக்க முடியாமல், பாதி பேர் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவருக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. மீனாட்சி சும்மா சாமியா? சித்திரையில் பட்டாபிஷேகம் செய்து, கிரீடம் வைத்து, கையில் செங்கோல் கொடுத்து ஆட்சியை ஒப்படைக்கிற ராணி. ராணிக்குத் துணி தைப்பவருக்கு முத்திரை கொடுத்தால் என்ன தப்பு? லண்டன் வழக்கத்தை எடுத்து, ராஜா என்று இருந்த இடமெல்லாம் மீனாட்சி என்று மாற்றி விதிகளை எழுதினார். ஐந்து வருஷம் சப்ளை, அது சரி. அரண்மனை ரகசியம் பேசக்கூடாது, அதுவும் சரி. ஆட்சி முடிந்தால் போர்டைக் கழற்ற வேண்டும். லண்டனில் இதற்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுக்கிறார்களாம். நம் ஆட்களுக்கு அவகாசம் கொடுத்தால் பேரன்தான் கழற்றுவான் என்று அதை அடித்துவிட்டு “உடனே” என்று போட்டார். கமிட்டி தலையாட்டியது.

சித்திரைப் பட்டாபிஷேகத்தன்று டெக்ஸாஸிலிருந்து ஒரு பக்தர் வேப்பம்பூ மாலையை விமானத்தில் மடியில் வைத்து, குழந்தை மாதிரி கொண்டுவந்தார். அம்பாள் அதைப் போட்டுக்கொண்டு, செங்கோலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வைத்துச் சாந்தாமணி அக்காவுக்குப் போர்டு கொடுத்தார்கள். கருநீலப் பலகை, மேலே பாண்டியர் இரட்டை மீன், கீழே பொன்னெழுத்தில் “மதுரை மகாராணி மீனாட்சியின் அரண்மனைத் தையல்காரர், மா. சாந்தாமணி.” அக்கா மேலேயிருந்து படிக்கவில்லை. கடைசி வரியை முதலில் படித்தார். அப்புறம் அதையே இன்னொரு தடவை படித்தார். மீனை அவர் பார்த்ததே மறுநாள்தான்.

போர்டு கராஜ் வாசலில் ஏறியது. தபால்காரர் மீனைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன மீன் இருக்கிறது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஊர் மாறிவிட்டது. போன்களில் பேர் மாறியது. “சாந்தாமணி மேடம் இருக்காங்களா?” என்று கேட்டு வந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்தெல்லாம் வந்தார்கள். அரண்மனைத் தையல்காரர் தைத்த பிளவுஸ் என்று ஒரு பெண் ஆபீசில் சொல்ல, அவளுக்கு அந்த வருஷமே பிரமோஷன் கிடைத்தது. இதில் துணி கொஞ்சம் அதிகம் விட்டிருக்கிறேன், தீபக் முறைக்க வேண்டாம்.

ரகசியத்தை அக்கா காப்பாற்றினார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். இந்த வெள்ளிக்கிழமை அம்பாளுக்கு என்ன கலர் என்று யாராவது கேட்டால், “அரண்மனைச் சமாச்சாரங்க, வெளிய பேசக்கூடாது,” என்பார். வெள்ளிக்கிழமை போனால் கோயிலில் எல்லாரும் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனாலும் வியாழக்கிழமை வரைக்கும் மாரிசாமிக்குக்கூடத் தெரியாது. அவர் மிஷின் பக்கம் வந்தால் துணி மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுவாராம்.

இப்படியே சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி போயிற்று. ஆவணி வந்தது.

மதுரைக் கதை தெரிந்தவர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீனாட்சி ஆள்வது நாலு மாதம்தான். ஆவணியில் சுந்தரேஸ்வரருக்குப் பட்டாபிஷேகம். மீதி எட்டு மாதம் சுவாமி ஆட்சி. வருஷா வருஷம் இப்படித்தான். லண்டனில் எழுபது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற சங்கடம் நம் கோயிலில் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். விதி எழுதிய அன்றைக்குச் சுந்தரராமனுக்கு லண்டன் ஞாபகம் இருந்தது, மதுரை ஞாபகம் இல்லை.

குருக்கள் அம்பாள் கையிலிருந்த செங்கோலை எடுத்துச் சுவாமி கையில் வைத்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சுந்தரராமன் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. கை பாதியில் நின்றது. ஆட்சி முடிந்தால் உடனே. அவர் எழுதியது அவருக்கே நினைவு வந்துவிட்டது.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். சுந்தரராமன் சிவப்பு சிக்னலில், நடுக்காட்டில், எதிரே மான்கூட இல்லாதபோதும் நிற்கிற மனிதர். அன்று மாலையே ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றார்.

“பிளவுஸ் ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்கோ. ராணி ஆட்சி முடிஞ்சுடுத்து. ரூல் ரூல்தான்.”

அக்கா உள்ளே போய் ஏணி எடுத்துவந்தார். சுந்தரராமன் ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் மோர் கொடுத்தார். போர்டை வாங்கித் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். சுந்தரராமன் வீட்டுக்குப் போய், அந்தம்மா ரொம்பத் தன்மையா எடுத்துண்டா என்று மனைவி ஸ்வர்ணாவிடம் சொன்னாராம். கொங்கு நாட்டு மரியாதையை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் போர்டு இருந்த இடத்தில் ஓர் அட்டை தொங்கியது. “ராணி ஆட்சியில் இல்லை. கடை லீவு. சித்திரையில் வரவும்.” அம்பாளின் வெள்ளிக்கிழமைப் பாவாடைக்கு மட்டும் லீவு இல்லை.

அடுத்து என்ன வருகிறது? நவராத்திரி. அதற்கப்புறம் தீபாவளி. மெர்சர் கவுன்ட்டி, மிடில்செக்ஸ் கவுன்ட்டி இரண்டிலும் இருக்கிற மொத்தத் தமிழ்ப் பெண்களின் பிளவுஸும் அந்தக் கராஜுக்குள். பாதிக்குக் கை வைக்கவில்லை, பாதிக்குக் கழுத்து வெட்டவில்லை, ஹுக் ஒன்றுக்கும் இல்லை. திருப்பித் தாருங்கள், வேறு இடத்தில் தைத்துக்கொள்கிறோம் என்றால் அளவு பிளவுஸும் அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, ஸ்வர்ணாவின் மகள் ரக்ஷாவுக்கு நவராத்திரி முடிந்த கையோடு கல்யாணம். முகூர்த்தப் பிளவுஸ் உட்பட எல்லாம் உள்ளே.

ஸ்வர்ணா தலைமையில் ஒரு படை போனது. அக்கா எல்லாரையும் உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார், வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொடுத்தார், கொலு எத்தனை படி என்று விசாரித்தார். பிளவுஸ் பேச்சு எடுத்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

“தைக்கறதுல எனக்குச் சடவு சலிப்பு இல்லீங்க அம்மிணி. ராணி பட்டத்துல இருந்தப்ப நான் சாந்தாமணிங்க. ராணி எறங்குன அன்னிக்குச் சாயங்காலமே உங்க ஊட்டுக்காரரு என்னையப் பிளவுஸ் ஆன்ட்டின்னுட்டாரு. பதினாலு வருசம் அப்படித்தான் இருந்தேன், சரிங்க. பேரு ஒருக்கா வந்துபோட்டு மறுபடி போகுதுன்னா அது ஆகாதுங்க. ராணி ஏறட்டும். நானும் மிஷின்ல ஏறிக்கறேன்.”

படை கச்சாயத்தோடு திரும்பியது. அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது, இது போர்டுச் சண்டை இல்லை என்று.

அன்றிலிருந்து சுந்தரராமன் வீட்டுச் சாப்பாடு மாறியது. முதலில் தயிர்சாதம் மட்டும் வந்தது. அப்புறம் சாதம் மட்டும். அப்புறம் தட்டு மட்டும். ரக்ஷா இங்கேயே பிறந்த பெண், தமிழ் புரியும், வாய் மட்டும் இங்கிலீஷ். “அப்பா, ஐ ஆம் நாட் வேரிங் எ ஹூடி டு மை ஓன் வெட்டிங்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியது. சாத்திய சத்தம் பிரின்ஸ்டன் வரை கேட்டது.

கமிட்டி கூடியது. சுவாமியிடமிருந்தும் ஒரு போர்டு கொடுத்துவிடலாம், ராஜா ஆட்சியில் அது, ராணி ஆட்சியில் இது என்றான் முகுந்த். நல்ல யோசனைதான். ஆனால் சுவாமி கட்டுவது எட்டு முழ வேஷ்டி. அதில் தையலே கிடையாது. ஓரம் அடித்துத் தரச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். அப்படியே அடித்தாலும் ஐந்து வருஷம் அடித்தால்தான் தகுதி என்றார் சுந்தரராமன். அந்த நிலைமையிலும் விதியை விடவில்லை பாருங்கள், அந்த மனிதருக்குக் கோயிலில் ஒரு சன்னதி வைக்கலாம்.

ஸ்வர்ணா அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்து நேராகக் குருக்களிடம் போனார். கமிட்டியும் பின்னாலேயே போனது. நான் கையில் கரண்டியோடு போனேன்.

“மாமா, சுவாமிக்குப் பட்டம் கட்டியாச்சுன்னா அம்பாள் வீட்டை விட்டுப் போயிடறாளா?”

“எங்க போவா? இங்கதான் இருக்கா. தினம் அபிஷேகம், அலங்காரம், எல்லாம் நடக்கறதே.”

“பள்ளியறை சேவைல யாரு யாரு இடத்துக்குப் போறா?”

குருக்கள் கொஞ்சம் நெளிந்தார். “சுவாமிதான் அம்பாள் இருக்கற இடத்துக்குப் போறார். மதுரையிலயும் அப்படித்தான். எந்த மாசமா இருந்தாலும்.”

ஸ்வர்ணா கணவர் பக்கம் திரும்பினார். “கேட்டேளா? செங்கோல் யார் கையில வேணும்னாலும் இருக்கட்டும். அரண்மனை அவளோடது. அந்தம்மா தைச்சது அரண்மனைக்கு. சிம்மாசனத்துக்கு இல்ல.”

ஒரு விதிக்காரரை இன்னொரு விதியால்தான் அடிக்க முடியும். ஸ்வர்ணா அடித்த அடி சரியான இடத்தில் விழுந்தது. அரண்மனையில் அம்பாள் இருக்கிறவரைக்கும் போர்டு இருக்கலாம் என்று சுந்தரராமனே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மத்தியானம் சோறு கிடைக்கும் என்ற நிம்மதியாகவும் இருக்கலாம்.

பட்டப்பகலில், ஊர்ப் பெண்கள் பாதி பேர் தெருவில் கார் நிறுத்தி நிற்க, அவர் ஏணியில் ஏறினார். அக்கா கீழே நின்று இன்னும் கொஞ்சம் இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் மேலே என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லி, மனிதரை அரை மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார். ஸ்க்ரூ எல்லாம் முடுக்கியானதும், “தப்பில்லாம இருக்கான்னு ஒருக்கா படிச்சுப் பாருங்க,” என்றார்.

சுந்தரராமன் மேல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். “சாந்தாமணி,” என்றார். பிறகு தானாகவே ஒன்று செய்தார், யாரும் சொல்லவில்லை. ஏணியிலிருந்து இறங்கி, “மன்னிக்கணும் சாந்தாமணி அம்மா,” என்றார்.

அக்கா தலையசைத்தார். உள்ளே போனார். கராஜுக்குள்ளிருந்து மிஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் கைதட்டின ஊர் உலகத்திலேயே நம் ஊர் ஒன்றுதான். ரக்ஷாவின் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பிளவுஸ் எல்லாம் முந்தின நாளே வந்துவிட்டது, அதுவும் சத்தியம். அக்கா ஆவணியிலும் அரண்மனைத் தையல்காரர்தான், மார்கழியிலும் அவர்தான். அவ்வளவுதான் கதை.

நான் முடித்தேன். தீபக் கத்தியைக் கீழே வைத்தார்.

“அண்ணே, கதை நல்லாதான் இருக்கு. ஆனா போர்டு செல்லாது.”

யாமினியின் கை தேங்காய்த் துருவலில் நின்றது. “ஏன் செல்லாது?”

“ஆட்சி முடிஞ்சா கழட்டணும்னு க்ளியரா எழுதியிருக்கு. அப்புறம் வீடு, பள்ளியறைன்னு டாபிக்க மாத்தினா எப்படி? ராஜாவா இருக்கறவருக்கு ஒரு போர்டு மேலகூட அதிகாரம் இல்லன்னா அவர் எதுக்கு ராஜா?”

“எட்டு மாசம் உக்காந்து பேர் வாங்கறதுக்கு. வேற எதுக்கு?”

சமையலறையில் எல்லாரும் வெங்காயத்தை விட்டுவிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. பெண்டாட்டி ராஜ்ஜியம் என்றால் மதுரை, புருஷன் ராஜ்ஜியம் என்றால் சிதம்பரம் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, அதை வைத்து, “உங்க வீட்டுல எப்படி தீபக், மதுரையா சிதம்பரமா?” என்று கேட்டுவிட்டேன். தீபக் பிறந்து வளர்ந்தது சிதம்பரம் என்பது சத்தியமாக எனக்கு அப்போது ஞாபகம் இல்லை.

“அண்ணே, எங்க ஊர இதுல இழுக்காதீங்க,” என்றார் தீபக்.

“இழுத்தா என்ன? உங்க ஊர்ல சாமி ஆடறார், அம்பாள் நின்னு பாக்கறாங்க. இங்க நான் ஆடிட்டிருக்கேன், நீங்க பாக்கறீங்க,” என்றார் யாமினி.

“யாரு பாக்கறா? போன வாரம் டிஷ்வாஷர் யாரு லோட் பண்ணினா?”

“லோட் பண்ணினீங்க. சோப் போட்டீங்களா?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மாமா, சுவாமி பக்கம் நியாயம் இருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார். அவர் மனைவி எதிர் மூலையிலிருந்து, “நீங்க இதுல பேசாதீங்க, நீங்க எந்த ஊர்னு எனக்குத் தெரியும்,” என்றார். இன்னொருவர் லண்டனில் ராஜாவின் மனைவி தனியாகப் போர்டு கொடுப்பார்களா, மாட்டார்களா என்று முகுந்துக்குப் போன் போட்டார். கொடுப்பார்கள் என்று பெண்கள் பக்கமும், அது வேறு விஷயம் என்று ஆண்கள் பக்கமும், முகுந்த் போனை எடுப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தீபக் பூசணித் துண்டு ஒன்றைச் செங்கோல் மாதிரி நீட்டிப் பேசினார். யாமினி அதை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சாம்பாரில் போட்டார்.

“நான் இன்னும் பேசி முடிக்கல,” என்றார் தீபக்.

“ஆட்சி முடிஞ்சுது, உக்காருங்க,” என்றார் யாமினி.

அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.